சித்திரத்துக்குப் பக்கத்தில் சப்தம்

கலைக்கூடங்களுக்கு ஒலியும் படமும் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் யந்திரங்களைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை புரொஜெக்டர் வைத்தீர்கள், எந்த நாட்டு ஸ்பீக்கர், என்ன விலை என்று அறிந்துகொள்வதில் அவர்களுக்கு ஒரு குதூகலம். உண்மை என்னவென்றால், சப்தத்தை உண்டாக்குவது இந்தத் தொழிலின் சுலபமான பங்கு. உண்டான சப்தம் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடாமல் காப்பதிலேதான் எங்கள் இரவுகள் பெரும்பாலும் கழியும். ஒரு சித்திரம் தன் சட்டத்துக்குள் அடங்கி, தன் சுவரில், தன் ஆணியில் தொங்கிக்கொண்டு, அண்டையிலுள்ள சித்திரத்தின் காரியத்தில் தலையிடாமல் நூறு வருஷம் இருந்துவிடும். சப்தத்துக்கு அந்த மரியாதை தெரியாது. அது கதவிடுக்கில் நுழையும், மாடிப்படியில் ஏறும், மூன்றாவது அறையில் மௌனமாக ஒரு நீர்வண்ணச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் காதில், அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு யுத்தத்தின் பீரங்கியை வெடிக்கும்.

நான் சிங்கப்பூரில் இந்த வேலைக்கு வந்த எண்பதுகளில், கலைக்கென்று தனிக் கட்டடம் இங்கே கிடையாது. ஸ்டாம்போர்ட் சாலையிலுள்ள அரும்பொருளகத்தின் ஒரு பகுதியில் 1976இல் ஏற்பட்ட கலைக்கூடந்தான் இருந்தது. படக்காட்சி என்றால் அந்நாளில் ஸ்லைடு. எண்பது ஸ்லைடு கொள்ளும் வட்டத் தட்டு பொருத்திய புரொஜெக்டர்கள் இரண்டை அருகருகே வைத்து, ஒன்றின் விளக்கு மங்க மங்க மற்றொன்றின் விளக்கு பிரகாசிக்கும்படி இணைத்து, கேசட்டின் ஒரு தடத்தில் வர்ணனையையும் மறு தடத்தில் ஸ்லைடை மாற்றச் சொல்லும் துடிப்பையும் பதிவு செய்து ஓட்டுவோம். விளக்கை மாற்றும்போது விரலால் கண்ணாடியைத் தொட்டுவிடக்கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, விளக்கு அற்பாயுளில் போய்விடும். ஆகையால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுத்தமான துணி இருக்கும். விளக்கின் உஷ்ணத்தில் பிலிம் வளைந்து படம் மங்கும். நம் ஊர் ஈரத்தில் அதன்மேல் பூஞ்சணம் படரும். இத்தனை தொல்லைகளுக்கும் நடுவே அந்த ஏற்பாட்டுக்கு ஒரு குணம் இருந்தது. ஸ்லைடுக் காட்சி ஒரு பக்க அறையில் நடக்கும். ஜனங்கள் அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து, வேறோர் அறையிலுள்ள சித்திரத்தின் முன் வெறுங்காதோடு போய் நிற்பார்கள். விளக்கம் வேறு, தரிசனம் வேறு என்ற அந்தப் பாகுபாடு அழிந்துபோன சரித்திரந்தான் நான் கண்ணால் கண்ட தொழிலின் சரித்திரம்.

அந்த வரம்பை முதலில் உடைத்தது காதில் மாட்டும் கருவி. 1952இலேயே ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஸ்டெடலிக் கலைக்கூடத்தில், சிற்றலை வானொலி மூலம் வர்ணனையை அறை முழுவதும் பரப்பி, பார்வையாளர்கள் கையில் வாங்கியைக் கொடுத்துக் கேட்கச் செய்தார்கள். எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியம் விழுந்தமையால், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சித்திரத்தின் முன் கூடி, ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். பிறகு வந்த கேசட்டும் இந்தக் குறையை முற்றிலும் போக்கவில்லை. ஒலிநாடா ஓடுகிற வரிசையில்தான் கால் நடக்கவேண்டும். எண்ணை அழுத்தினால் அந்தச் சித்திரத்துக்குரிய பேச்சு வரும் கருவிகள் வந்தபோது நாங்கள் விடுதலை கிடைத்ததாகக் கொண்டாடினோம். கிடைத்தது அரை விடுதலைதான். அறைக்குள் பிரவேசித்தவர்களின் கண், அதன்பின் சித்திரத்தைத் தேடாமல் சுவரில் ஒட்டிய எண்ணைத் தேடியது. எண் இல்லாத சித்திரம் பார்க்கத் தகுதியற்றது என்று ஜனங்கள் தாமாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். எந்தச் சித்திரத்துக்கு எண் கொடுப்பது என்ற தேர்வே ஒரு விமர்சனத் தீர்ப்பாகிவிட்டதை அதிகாரிகள் உணர வெகுகாலம் பிடித்தது.

நான்கு அதிகாரத்துவ மொழிகளுள்ள இந்த ஊரில் வேறொரு சங்கடமும் உண்டு. படத்தொகுப்பை ஆங்கில வர்ணனையின் காலக் கணக்குக்கு வெட்டி முடித்துவிட்டுப் பிறகு தமிழைக் கொண்டுவந்து அதில் பொருத்தச் சொல்வார்கள். அதே செய்தியைத் தமிழில் நிதானமாகச் சொன்னால் நேரம் கூடுதலாகும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். கலைஞனின் கையெழுத்தைத் திரை காட்டும்போது தமிழ்க் குரல் இன்னும் அவன் பிறந்த ஊரில் இருக்கும். வாசிப்பவரை ஓட்டமாக ஓடச் சொல்வதே வழக்கமான பரிகாரம். நான் சில இடங்களில் வாதாடி, வாக்கியங்களைக் குறைத்து, குரலை நடக்கவிட்டேன். செய்தி கொஞ்சம் குறைந்தது. கேட்டவர்கள் சித்திரத்தின் முன் சற்று அதிக நேரம் நின்றார்கள்.

1996இல் பிராஸ் பாசா சாலையில், முன்பு செயின்ட் ஜோசப் பள்ளியாக இருந்த கட்டடத்தில் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் திறந்தது. வீடியோவைக் கலையாகவே செய்யும் கலைஞர்கள் அந்தச் சமயத்தில் பெருகிவிட்டார்கள். எங்கள் யந்திரம் பக்க அறையிலிருந்து நடுக்கூடத்துக்கு வந்தது. அன்றைய பெரிய புரொஜெக்டர்களில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள் தனித்தனியே ஒளி வீசும். மூன்று படங்களும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அணுவளவும் பிசகாமல் விழுந்தால்தான் ஒரு படம். கட்டமிட்ட கோலம் ஒன்றைத் திரையில் போட்டு, பச்சையை ஆதாரமாக நிறுத்தி, சிவப்பை இழுத்து அதன்மேல் வைத்து, பிறகு நீலத்தை இழுத்து, நடுவில் சரியானது மூலையில் விலக, மூலையைச் சரிசெய்ய நடு விலக, இப்படியே இரவு போகும். யந்திரம் நன்றாகச் சூடேறுமுன் செய்த திருத்தம் பயனற்றது; யாராவது அதை ஒரு சாண் நகர்த்திவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். கோட்டைச் சுற்றி இலேசான சிவப்பு விளிம்பு தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்குப் போனபின் கதவின் விளிம்பிலும் சிவப்பைத் தேடும். இப்போதைய யந்திரங்கள் இதைத் தாமாகவே ஒரு காமிராவை வைத்துக்கொண்டு சில நிமிஷங்களில் முடித்துவிடுகின்றன. இது விஷயத்தில் பழமையைப் பற்றி எனக்கு ஏக்கம் ஏதும் இல்லை.

ஒலியின் கசிவைப் பற்றிச் சொன்னேன். கட்டட ஒலியியல் என்ற சாஸ்திரமே ஒரு கலைக்கூடத்தின் குறையிலிருந்து பிறந்தது என்பது எங்கள் தொழிலாளரில் பலருக்குத் தெரியாது. 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய பாக் கலைக்கூடத்தின் பிரசங்க அறையில், பேசுகிறவர் உச்சரித்த ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை எதிரொலித்து, அதற்குள் அவர் சொல்லிவிட்ட அடுத்த பல சொற்களோடு கலந்து, யாருக்கும் ஒன்றும் விளங்காமல் போயிற்று. வாலஸ் ஸபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரை அதைச் சரிசெய்யும்படி ஏவினார்கள். அவர் பக்கத்திலிருந்த ஸாண்டர்ஸ் நாடகசாலையின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, சப்தம் மறையும் காலத்தைக் கடிகாரத்தில் அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். எந்தப் பொருள் எவ்வளவு சப்தத்தைக் குடிக்கும் என்ற கணக்கு இப்படித்தான் உருவாயிற்று. இன்றைக்கும் சலவைக்கல் தரையும் உயர்ந்த கூரையும் கண்ணாடிச் சுவரும் வைத்துக் கட்டிவிட்டு, திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் எங்களைக் கூப்பிட்டு, நல்ல ஸ்பீக்கராகப் போடுங்கள் என்கிறார்கள்.

ஒரு கலைக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) பெரிய எண்ணெய்ச் சித்திரம் ஒன்றின் முன், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஸ்பீக்கரைக் கூரையிலிருந்து தொங்கவிடும்படி வரைபடத்தில் குறித்திருந்தார்கள். அதன் நேர் கீழே நிற்பவருக்கு மட்டும் கேட்கும். இரண்டடி விலகினால் குறைந்துவிடும். கசிவைத் தடுக்க உத்தமமான ஏற்பாடு. திறந்து சில நாட்களுக்குப்பின் நான் போனபோது, அங்கே காவலுக்கிருந்த வயதான அம்மாள் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “தம்பி, சத்தம் மேலேர்ந்து வருதுல்ல, எல்லாரும் மேலதான் பாக்குறாங்க. படத்த யாரு பாக்குறா?” என்றார். நின்று கவனித்தேன், அவர் சொன்னது அக்ஷரம் பிசகாத உண்மை. வருகிறவர்கள் நிமிர்ந்து கிண்ணத்தைப் பார்த்தார்கள், ஒரு சிரிப்புச் சிரித்தார்கள், நகர்ந்தார்கள். சப்தம் ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகும். அதாவது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஒரே சப்தம் இரண்டு திசையிலிருந்து வந்தால், முதலில் வந்ததன் திசையையே காது நம்பும், இரண்டாவது சற்றுப் பலமாக இருந்தாலும். ஆகவே சித்திரத்தின் சட்டத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைப் பொருத்தி, கூரையிலுள்ளதை அவற்றைவிட ஒரு நொடித்துளி தாமதமாகப் பேசச் செய்தோம். குரல் சித்திரத்திலிருந்து புறப்படுவதுபோல் ஆயிற்று, நிமிர்வதும் நின்றது.

“அக்கா, இப்போ எப்படி?” என்று கேட்டேன். “அது சரி தம்பி, ஆனா என்னாலதான் முடியல” என்றார். அவர் முறையிட்டதில் நியாயம் இருந்தது. நாலு நிமிஷச் சுற்று ஒன்று, காலை பத்திலிருந்து இரவு ஏழு வரை ஓயாமல் ஓடினால் நாளொன்றுக்கு 135 தரம் ஒலிக்கும். பார்வையாளர் அதை ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடுவார். காவல் நிற்பவர் அந்தப் பிரசங்கத்தை மூச்சு வாங்குமிடம் உட்பட மனப்பாடம் செய்துவிடுவார். யாரும் அறியாமல் காவலர்கள் ஒலியைக் குறைத்து வைப்பதும், சில நாள் கம்பியையே பிடுங்கிவிடுவதும் எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் உள்ள ரகசியம். அதுமுதல், ஆள் நெருங்கினால் மட்டும் தொடங்கி, முடிந்தபின் சற்று நேரம் எதற்கும் அசையாமல் இருக்கும்படி ஓர் உணர்கருவி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒலியமைப்பைப் பற்றி ஒரு கலைக்கூடத்தில் யாரையேனும் அபிப்பிராயம் கேட்பதானால், இயக்குநருக்கு முன் காவலரைக் கேட்பதே உசிதம்.

இந்த ஊரில் பெரிய மாறுதலை நான் ஒரே இடத்தில் இரண்டு தடவை பார்த்தேன். தேசிய அரும்பொருளகம் 2006 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தபோது, பின்புறம் எழுப்பிய கண்ணாடி வட்டக் கட்டடத்தின் உட்சுவரைச் சுற்றி 360 பாகையிலும் சிங்கப்பூரின் வாழ்க்கை படமாக ஓட, ஜனங்கள் சரிவுப் பாதையில் வளைந்து வளைந்து கீழே இறங்கிச் சரித்திரக் கூடத்துக்குள் போவார்கள். அங்கே சுவரில் விளக்க அட்டை அபூர்வம்; ‘கம்பேனியன்’ என்ற கைக்கருவியே சகலமும் சொல்லும், நிகழ்ச்சிகளின் வழி ஒன்று, தனிமனிதர்களின் வழி ஒன்று என்று இரண்டு பாதை காட்டும். தைரியமான யோசனை; ஆனால் தாமே ஓரிடத்தில் நின்று படித்துக்கொள்ள விரும்பும் முதியவர்களுக்கு அது பெரும் சோதனை. பத்து வருஷங் கழித்து, 2016இன் இறுதியில், அதே வட்டக் கட்டடத்தின் 15 மீட்டர் உயர இருட்டுக்குள் ஜப்பானிய ‘டீம்லேப்’ குழுவினர் வனத்தின் கதை என்ற காட்சியை அமைத்தார்கள். கூரையிலிருந்து பூக்கள் உதிரும்; சரிவில் இறங்கினால் பக்கத்துச் சுவரில் காடு வளரும்; தபீரும் குரங்கும் மானும் நம்மோடு நடந்துவரும்.

அந்த மிருகங்களின் பூர்வோத்தரம் முக்கியமானது. சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டான வில்லியம் பார்க்குவார், மலாக்காவில் இருந்த நாட்களில், பெயர் தெரியாத சீனச் சித்திரக்காரர்களைக் கொண்டு எழுதுவித்த 477 இயற்கைச் சித்திரங்களிலிருந்து 69ஐத் தேர்ந்து உயிரூட்டியவை அவை. காகிதத்தின்மேல் நீர்வண்ணம், வெளிச்சத்தைத் தாங்காது. இத்தகையவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் காட்டுவதில்லை. பாதுகாப்பு அதிகாரி கையில் லக்ஸ் மானியை ஏந்திக்கொண்டு சித்திரத்துக்குச் சித்திரம் அளந்துகொண்டு வரும்போது, எங்கள் திரையிலிருந்து சிதறிய வெளிச்சம் அதில் ஏறிவிட்டால் உடனே எங்களுக்கு உத்தரவு வரும். கொஞ்ச காலம் காட்டிவிட்டு, பிறகு நெடுங்காலம் இருட்டில் உறங்கவைக்க வேண்டிய பொருளை, ஜனங்கள் எப்போதும் காணும்படி செய்ய ஒளிப்படக் காடு உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓய்வு நாளில் சாதாரண மனிதனாகப் போய் நின்று பார்த்தேன்: வந்தவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியை உயர்த்தி மிருகங்களைப் பிடிப்பதில் லயித்திருந்தார்கள். மேல்மாடியில், மங்கிய வெளிச்சத்தில், அசல் சித்திரங்கள் சில தொங்கிய அறையில் எண்ணிவிடக்கூடிய கூட்டமே இருந்தது. காட்டிலிருந்து அந்த அறைக்கு வழிகாட்டும் ஒரு குரலை, ஒரு வெளிச்சக் கோட்டையாவது நான் அமைத்திருப்பேன். திரையில் பார்த்த மிருகத்தின் மெல்லிய ரோமத்தை ஒருவன் தூரிகையால் ஒவ்வொன்றாக இட்டிருக்கிறான் என்பதை அசலில்தானே காணமுடியும்?

2015இல் லண்டன் நாஷனல் காலரி, ஆறு இசையமைப்பாளர்களையும் ஒலிக்கலைஞர்களையும் அழைத்து, ஆளுக்கொரு சித்திரத்தைத் தேர்ந்து அதற்கு ஒலி அமைக்கச் சொன்னது. வனஜீவிகளின் குரலைப் பதிவு செய்வதில் பேர்போன கிறிஸ் வாட்ஸன், பின்லாந்து ஓவியர் காலன்-கல்லெலா எழுதிய கெய்டெலே ஏரியைத் தேர்ந்தார். விமர்சகர்கள் பலர் சீறினார்கள். சித்திரம் தானே பேசும், அதற்கு வாய் வைக்க நீங்கள் யார் என்பது அவர்கள் வாதம். பாதிக்கு நான் உடன்படுகிறேன். எங்கள் தேசிய கலைக்கூடத்தில் சுவா மியா டீ 1959இல் எழுதிய தேசிய மொழி வகுப்பு என்ற சித்திரம் இருக்கிறது. கரும்பலகையில் உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய் என்று மலாயில் இரண்டு கேள்விகள். அதன் முன் நின்றால் வகுப்பின் முணுமுணுப்பு தானாகவே காதில் விழும். ஸ்பீக்கர் வைத்தால் அந்தச் சப்தம் செத்துப்போகும். ஏரிக்கும் வகுப்புக்கும் வித்தியாசம் உண்டு. மனிதர் பேசும் சித்திரத்துக்குக் குரல் கொடுப்பது பார்ப்பவர் செய்யவேண்டிய காரியத்தை அவரிடமிருந்து பறிப்பது. தண்ணீரும் காற்றும் மட்டுமே உள்ள சித்திரத்துக்கு மெல்லிய ஒலி, அவரை இன்னும் சிறிது நேரம் நிற்கவைக்கும் ஒரு சாக்கு.

என் தொழிலில் நான் பொறாமைப்பட்ட ஒரே அமைப்பு ஜேனட் கார்டிஃப் 2001இல் செய்தது. தாமஸ் டாலிஸ் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளரின் நாற்பது குரல் கீர்த்தனையை, ஒவ்வொரு பாடகரையும் தனித்தனி மைக்கில் பதிவு செய்து, ஆளுக்கொன்றாக நாற்பது ஸ்பீக்கர்களை ஆள் உயரத்தில் நீள்வட்டமாக நிறுத்தியிருக்கிறார். நடுவில் நின்றால் சமுத்திரம். ஒரு ஸ்பீக்கரை நெருங்கினால் ஒரு பையன் மூச்சிழுப்பது கேட்கும். திரை இல்லை, வர்ணஜாலம் இல்லை. பதினொரு நிமிஷம் பாட்டு. பிறகு மூன்று நிமிஷம் பாடகர்கள் இருமுவதும், ஒருவரோடொருவர் சாவதானமாகப் பேசிக்கொள்வதும். அந்த மூன்று நிமிஷத்தை வெட்டிவிடாமல் வைத்துக்கொண்டதிலேதான் அவருடைய மேதை தெரிகிறது என்பது என் கட்சி. அங்கேதான் கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சுற்றுக்கு எந்த ஸ்பீக்கர் பக்கம் நிற்கலாம் என்று இடம் மாறுகிறார்கள்.

அசல் சித்திரம் ஒன்றுகூட இல்லாமல், சுவரும் தரையும் கூரையும் முழுக்க வான்கோவையோ கிளிம்டையோ பெருக்கி ஓடவிடும் கூடங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைப் பலர் கேட்கிறார்கள். பாரிஸில் பழைய வார்ப்படச் சாலை ஒன்றில் 2018இல் திறந்த கூடத்தில் சுமார் 140 புரொஜெக்டர்கள். தொழில்காரனாக நான் தொப்பியைக் கழற்றுகிறேன். அத்தனை படங்களின் விளிம்பும் தெரியாமல் இணைப்பது சாமானியமல்ல. ஆனால் நட்சத்திர இரவு என்ற சித்திரம் அசலில் ஒரு மீட்டர் அகலங்கூட இல்லாதது. அந்தச் சிறிய இடத்துக்குள் அவ்வளவு வேகத்தை அடக்கியதே அதன் விசேஷம். பத்து மீட்டர் சுவரில் அதை நீட்டினால் அடக்கம் போய்விடுகிறது. இதற்கு நேர்மாறானது துன்ஹுவாங். அங்கே மோகாவ் குகைகளில் பார்வையாளரின் மூச்சிலுள்ள ஈரமும் கரியமிலவாயுவும் சுவர்ச் சித்திரங்களை அரிப்பதால், 2014 முதல் ஜனங்களை முதலில் ஒரு வட்டக்கூரை அரங்கில் உட்காரவைத்துக் குகையின் உள்வடிவத்தைப் படமாகக் காட்டிவிட்டு, அதன்பிறகே சில குகைகளுக்குச் சிறிது நேரம் அழைத்துப் போகிறார்கள். இருட்டான குகைக்குள் போகுமுன் எதைப் பார்க்கவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. உள்ளே நிற்கும் நேரம் குறைந்தாலும் பார்க்கும் நேரம் குறைவதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய விளக்குப் புரொஜெக்டரின் விளக்கு சுமார் 2000 மணி நேரம் எரியும். நாளுக்கு ஒன்பது மணி என்றால் ஏழு மாதத்தில் தீர்ந்தது. லேசர் வந்தபின் 20,000 மணி, அதாவது ஆறு வருஷம். ஆனால் தூசி வடிகட்டியை யாராவது மாதாமாதம் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் அந்த ஆறு வருஷம் காகிதக் கணக்குதான். திறப்பு விழாவுக்குப் பணம் கொடுப்பவர் உண்டு. மூன்றாம் வருஷத்து வடிகட்டிக்குப் பணம் கொடுப்பவரை நான் கண்டதில்லை. 2020இல் தொற்றுநோய் வந்து, பலர் காதில் மாறி மாறி ஏறிய ஹெட்போன்களையெல்லாம் பெட்டியில் போட்டு மூடியபோது, பார்வையாளர்கள் தம் கைப்பேசியிலேயே கேட்கும் முறை நிலைத்துவிட்டது. பராமரிப்புச் செலவு ஸ்தாபனத்தின் தலையிலிருந்து இறங்கியது ஒரு நன்மை. சித்திரத்தின் நடுவே வீட்டிலிருந்து அழைப்பு வருவதற்குப் பரிகாரம் இன்னும் இல்லை.

ஓய்வு பெற்றபின் சிறிய தனியார் கலைக்கூடம் ஒன்றுக்கு ஆலோசனை சொல்லப் போனேன். அறைக்கு மூன்று புரொஜெக்டர்களும், தலை திரும்பும் பக்கமெல்லாம் ஒலி திரும்பும் நவீன ஏற்பாடும் வேண்டுமென்று பட்டியல் தயாராக வைத்திருந்தார்கள். கையைத் தட்டிப் பார்த்தேன்; தட்டிய சப்தம் கூரையில் சஞ்சரித்துவிட்டு ஆற அமரத் திரும்பிவந்தது. கனமான கம்பளம் ஒன்று, சாய்ந்து உட்கார இரண்டு பெஞ்சு, சித்திரத்தின் இருபுறமும் நல்ல ஸ்பீக்கர் இரண்டு போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பெருந்தன்மையோடு என் பட்டியலையும் ஏற்று, தங்கள் பட்டியலையும் விடாமல், எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள். மூன்று புரொஜெக்டர்களில் ஒன்று இப்போது பழுதுபார்க்கப் போயிருக்கிறது. கம்பளத்தைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் இல்லை.